செத்த காரணமும் சாகாத கட்டளையும்

"புதுக் கைப்பேசியா? முதல்நாள் எட்டு மணி நேரம் விடாமல் சார்ஜ் போடு. பிறகு, அடியோடு தீர்ந்து அணையும் வரையில் சார்ஜ் போடாதே. பாதியிலே போட்டால் பாட்டரி பாழாகிவிடும்!"

ஊருக்கு ஊர் ஒலிக்கும் உபதேசம் இது. விற்பவர் வாங்குபவருக்குக் கூறுகிறார். தந்தை மகனுக்குக் கூறுகிறார். அண்ணன் தம்பிக்குக் கூறுகிறான். "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்!" என்பார் ஒருவர். "அந்த நாளிலிருந்து அப்படித்தான்!" என்பார் மற்றொருவர். விடை இரண்டு கிடைக்கிறது. காரணம் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை!

அந்த உபதேசம் பச்சைப் பொய்யா? இல்லை. ஒருகாலத்தில் அது மெய்யாகவே இருந்தது. அதுதான் இதிலே உள்ள விந்தை! வேறொரு மின்கலத்துக்காக, வேறொரு காலத்தில், தக்க காரணத்தோடு பிறந்த கட்டளை அது. அந்த மின்கலம் கைப்பேசியை விட்டு வெளியேறிவிட்டது. அதற்கென எழுந்த கட்டளை மட்டும் வெளியேறவில்லை. இன்று நம் சட்டைப்பையிலே இருக்கும் மின்கலத்துக்கு அந்தக் கட்டளை காவல் அல்ல, கேடு. காரணம் செத்த பின்னும் கட்டளை வாழ்ந்த கதையைக் காண, இருநூறு ஆண்டு வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

★

இத்தாலி நாட்டிலே பொலோஞா நகரம். அங்கே உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தார் லூயீஜி கால்வானி. பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியிலே தொங்கவிட்ட தவளையின் கால், உயிர் போன பிறகும் துடித்தது. கண்டார் கால்வானி; வியந்தார்; பலமுறை செய்து பார்த்தார்; 1791-இல் ஏடு எழுதி வெளியிட்டார். உயிர்களின் உடலிலேயே ஒருவகை மின்சாரம் உறைந்திருக்கிறது, அதுவே செத்த காலையும் துடிக்கச் செய்கிறது என்பது அவர் முடிவு.

பாவியா நகரத்துப் பேராசிரியர் அலெசாந்த்ரோ வோல்ட்டா அதைப் படித்தார். முதலிலே ஒப்புக்கொண்டார், பிறகு ஐயுற்றார். "துடித்தது கால்தான். ஆனால், துடிக்க வைத்தது காலா? அதைத் தொட்ட இரு வேறு உலோகங்களா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. தவளையை அப்புறப்படுத்தினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, இடையிலே உப்புநீரில் தோய்த்த அட்டை. மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று தூணாக அடுக்கினார். உயிர் இல்லை, உடல் இல்லை. மின்சாரம் மட்டும் பாய்ந்தது! 1800-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், இலண்டன் ராயல் கழகத்தின் தலைவர் ஜோசப் பாங்க்சுக்கு இதனை விளக்கிக் கடிதம் எழுதினார் வோல்ட்டா. உலகின் முதல் மின்கல அடுக்கு அதுதான். வோல்ட் என்று நாம் இன்று அளப்பது அவர் பெயரால்தான்.

கால்வானி கண்டது மெய். காட்டிய காரணம்தான் அங்கே பொருந்தவில்லை. நரம்புகளில் மின்சாரம் ஓடுவது உண்மை என்பது பின்னாளிலே நிலைநாட்டப்பட்டது. வெற்றிபெற்ற வோல்ட்டாவும் முழு உண்மையைக் கண்டாரில்லை. இரு உலோகங்கள் தொட்டாலே போதும், மின்சாரம் பிறக்கும் என்று அவர் எண்ணினார். தொடுகை மட்டும் போதாது, உள்ளே நடைபெறும் இரசாயன மாறுதலே மின்சாரத்தைத் தருகிறது, துத்தநாகம் தேயத் தேயத்தான் மின்னோட்டம் பிறக்கிறது என்று பின்வந்தோர் மெய்ப்பித்தனர்.

இந்த இடத்தை நன்கு மனத்திலே பதித்துக் கொள்ள வேண்டும். மின்கலம் என்பது மின்சாரத்தை ஊற்றி வைக்கும் குடமன்று! குடமாக இருந்தால், கவிழ்த்துக் காலியாக்கிவிட்டு, விளிம்புவரை நிரப்புவதிலே தவறில்லை. மின்கலமோ ஓயாது இரசாயனம் நடைபெறும் உலைக்களம். எந்தப் பொருள்கள் உள்ளே உள்ளன என்பதைப் பொறுத்தது அதன் இயல்பு; இயல்பைப் பொறுத்தது அதைப் பேணும் முறை. பொருள் மாறினால் முறையும் மாறியே தீர வேண்டும்.

★

தீர்ந்ததும் எறிந்துவிட வேண்டிய மின்கலமே நெடுநாள் இருந்தது. 1859-இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க மின்கலத்தை ஆக்கினார். மோட்டார் வண்டிகளிலும் வீட்டு இன்வெர்ட்டர்களிலும் இன்றும் உழைப்பது அதன் வழிவந்ததே. அந்த ஈயக் கலத்தை வெறுமையாகக் கிடக்க விடலாகாது; விட்டால் தகட்டின் மேல் ஈயச் சல்பேட்டுப் படிகம் இறுகி, கலம் கெடும். ஆகவே, அதை நிறைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது அதற்குரிய முறை.

1899-இல் சுவீடன் நாட்டு வால்டெமார் யுங்னர், நிக்கலையும் காட்மியத்தையும் கொண்டு வேறொரு மின்கலத்தை ஆக்கினார். இதன் இயல்போ வேறு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்குச் செலவழித்து, ஒரே அளவுக்கு ஏற்றி வந்தால், அந்த அளவைத் தாண்டியதும் இதன் மின்னழுத்தம் சோர்ந்து விழும். புவியைச் சுற்றிவரும் செயற்கைக்கோளை எண்ணிப் பாருங்கள். நிழலுக்குள் புகும்போது இவ்வளவு செலவு, வெயிலுக்கு வரும்போது இவ்வளவு வரவு. சுற்றுக்குச் சுற்று அதே கணக்கு! அத்தகைய பயன்பாட்டிலேதான் இக்குறை தெளிவாகப் புலப்பட்டது. "பாட்டரிக்கு நினைவு இருக்கிறது, பழகிய அளவை அது மறப்பதில்லை" என்று பேசிக்கொண்டனர். நினைவு விளைவு என்ற பெயரும் நிலைத்தது. இதற்கு மருந்து, அவ்வப்போது முழுமையாகத் தீர்த்துவிட்டு மீண்டும் ஏற்றுவது. நெடுநாள் கிடந்து வரும் நிக்கல் கலத்தை முதலிலே பல மணி நேரம் மெல்ல மின்னேற்றுவதும் முறையே.

கட்டளை பிறந்த இடம் இதுதான்! பிறந்தபோது காரணத்தோடுதான் பிறந்தது. 'அவ்வப்போது' என்ற சொல்லை உதறிவிட்டு 'எப்போதும்' என்று மாற்றிக்கொண்டது மட்டுமே மக்கள் செய்த திருப்பணி.

1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், நியூயார்க்கு நகர வீதியிலே நின்று, மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் கைப்பேசியிலே பேசிக் காட்டினார். பத்தாண்டு கழித்து, 1983-இல் அந்நிறுவனத்தின் கைப்பேசி விற்பனைக்கு ஒப்புதல் பெற்றது. விலை 3,995 டாலர்! பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரைமணி நேரம் பேசலாம். உள்ளே இருந்தது நிக்கல்–காட்மியக் கலமே. கைப்பேசியோடு சேர்ந்து கட்டளையும் கைக்குக் கை மாறியது.

★

நிக்கலும் காட்மியமும் கைப்பேசியை ஆண்ட காலத்திலேயே, வேறொரு தனிமத்தின் எழுச்சி தொடங்கிவிட்டது. 1817-இல் சுவீடன் நாட்டு ஆர்ப்வெட்சன் ஒரு கனிமத்திலே கண்டறிந்த லித்தியம் அது. உலோகங்களிலே மிக இலேசானது. தன் எலக்ட்ரானை உதறித் தள்ளத் துடிப்பது. மின்கலத்துக்கு இதைவிட ஏற்றது எது? ஆனால், எளிதிலே எரிவதும் அதுவே!

1970-களிலே எண்ணெய் நெருக்கடி உலகை உலுக்கிற்று. எக்சான் என்ற எண்ணெய் நிறுவனமே எண்ணெய்க்கு மாற்றுத் தேடிற்று. அங்கே ஸ்டான்லி விட்டிங்காம், லித்தியம் உலோகத்தையும் டைட்டானியம் சல்பைடையும் கொண்டு மின்னேற்றத்தக்க கலத்தை உருவாக்கினார். வேலை செய்தது, ஆனால், ஏற்ற ஏற்ற லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து, இடைத்தடுப்பைத் துளைத்தது, தீ மூண்டது. 1980-இல் ஆக்ஸ்போர்டிலே ஜான் குட்எனப், கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக்கி, மின்னழுத்தத்தை 4 வோல்ட்டுக்கு உயர்த்திக் காட்டினார். 1985-இல் ஜப்பானிலே அகிரா யோஷினோ, எரியும் லித்தியம் உலோகத்தை அறவே நீக்கி, கரிப்பொருளை எதிர்முனையாக வைத்தார். உலோகமாக இல்லாமல், அயனியாக மட்டும் லித்தியம் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் போய்வரும் அமைப்பு அது. 1989-இல், கனடா நிறுவனம் ஒன்று செய்த லித்தியம் உலோகக் கலங்கள் ஜப்பானியக் கைப்பேசிகளிலே தீப்பிடித்துத் திரும்பப் பெறப்பட்டதும், யோஷினோ சென்ற வழியே வழி என்பது உறுதியாயிற்று. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

2019-இல் இம்மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது குட்எனப்புக்கு வயது 97. நோபல் பெற்றோரிலே அவரே மிக முதியவர். 2023-இல், நூறு வயது நிறைந்தவராக அவர் மறைந்தார்.

லித்தியம் கலம் வந்தது. கைப்பேசியிலே நிக்கலின் ஆட்சி முடிந்தது. கைப்பேசியின் லித்தியம் கலத்திலே, பழைய கலத்தைச் சோர வைத்த அந்த நினைவுக் குறைக்கு இடமில்லை. ஆகவே, தீர்த்துத் தீர்த்து ஏற்றுவதற்குக் காரணமும் இல்லை. ஆயினும், தீர்த்தார்கள், இன்றும் தீர்க்கிறார்கள்!

நம் நாட்டிலே ஒரு கதை உண்டு. தந்தையின் திவசத்தன்று, பாலைத் தேடிவந்த வீட்டுப் பூனையைக் கூடையால் கவிழ்த்து மூடினான் ஒருவன். ஆண்டுதோறும் மூடினான். மகன் பார்த்து வளர்ந்தான். தகப்பன் மாண்டான், பூனையும் மாண்டது. திவச நாளும் வந்தது. மகன் ஊரெல்லாம் அலைந்து, அயலார் வீட்டிலே பூனை ஒன்றை இரவல் வாங்கிவந்து, கூடையைக் கவிழ்த்துவிட்டுத்தான் காரியத்தைத் தொடங்கினானாம்! கேட்டுச் சிரிக்கிறோம். சிரிக்கும் நாமே, நிக்கலுக்கு இட்ட கட்டளையை லித்தியத்தின் தலையிலே கவிழ்க்கிறோமே!

★

சரி, லித்தியத்துக்கு உரிய முறை என்ன? அதையும் காரணத்தோடு கேட்பதே முறை.

லித்தியம் கலத்துக்கு முதற்பகை வெப்பம். கரிமுனையின் மேலே மெல்லிய காப்புப்படலம் ஒன்று உண்டு. அது தேவையானதே, ஆனால், வெப்பம் மிக மிக அது தடித்து வளர்கிறது. வளர்வதற்கு லித்தியத்தையே தின்கிறது. தின்ற லித்தியம் திரும்பி வருவதில்லை. இரண்டாம் பகை, நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் நிற்பது. நூறு விழுக்காடு என்று திரையிலே காணும்போது, உள்ளே மின்னழுத்தம் உச்சத்திலே இருக்கிறது; அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. இவ்விரண்டும் கைகோத்தால் கேடு பன்மடங்கு. பயன்படுத்தாமலே வைத்த லித்தியம் கலத்துக்கு மின்கல நூல்கள் தரும் கணக்கு இது: 25 டிகிரி வெப்பத்தில், 40 விழுக்காடு ஏற்றத்தோடு ஓராண்டு கிடந்தால் ஏறத்தாழ 96 விழுக்காடு திறன் எஞ்சும், அதே வெப்பத்தில் முழு ஏற்றத்தோடு கிடந்தால் 80, 40 டிகிரி வெப்பத்திலே முழு ஏற்றத்தோடு கிடந்தால் 65 மட்டுமே! ஒரு வேலையும் செய்யாமலேயே மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. 40 டிகிரி என்பது கோடையிலே நாம் காணாததன்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதையும் மிஞ்சும். பனிநாட்டாருக்கு வேறொரு கவலை: 0 டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து கேடு செய்யும். நமக்குப் பகை பனியன்று, வெயில்.

மூன்றாம் பகை, அடியோடு வறண்டு கிடப்பது. அணைந்துபோன கைப்பேசியைப் பெட்டியிலே போட்டு மாதக்கணக்கிலே மறந்தால், எஞ்சிய துளியும் கசிந்து, உள்ளிருக்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். ஆகவே, எடுத்து வைப்பதானால் பாதி ஏற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்திலே வைப்பது நலம்.

"அடிக்கடி ஏற்றினால் ஆயுள் குறையாதா?" என்பர். ஏற்றிய தடவையைக் கணக்கிடுவதில்லை. செலவான மொத்த அளவே கணக்கு. இன்று 50 விழுக்காடு, நாளை 50 விழுக்காடு செலவழித்தால், இரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று. பாதியிலே ஏற்றுவது பாவமன்று. பார்க்கப்போனால், ஆழ வற்ற விடுவதைவிட அதுவே கலத்துக்கு இதம். 500 சுற்றுக்குப் பின்னும் 80 விழுக்காடு திறன் நிற்க வேண்டும் என்பதே நெடுநாள் அளவுகோலாக இருந்தது; 2023-இல் வந்த ஐபோன் 15 வகைக்கு அதை 1,000 சுற்று என ஆப்பிள் நிறுவனம் அறிவித்தது.

"இரவெல்லாம் ஏற்றினால் நிரம்பி வழிந்து வெடிக்கும்" என்பதும் குடத்தை நினைத்துக் கூறுவதே. நிறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்தும் சுற்று கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. விடியும்வரை உச்ச அழுத்தத்திலே, அதிலும் தலையணைக்கு அடியிலே வெந்துகொண்டு கிடப்பதே அங்குள்ள கேடு. பல கைப்பேசிகளிலே 80 விழுக்காட்டோடு நிறுத்தும் ஏற்பாடு இருக்கிறது. நாள்தோறும் அது போதுமானவர்கள் அதைப் பயன்படுத்தலாம். நெடும்பயணமா? நூறு வரை ஏற்றுங்கள். ஒருநாள் ஏற்றத்தால் குடிமுழுகிவிடாது.

ஒன்று மட்டும் வேண்டும். இந்த 80-ஐயும் மந்திரமாக்கிவிடக் கூடாது! குட்எனப்பின் ஆய்வுக்கூடத்திலேயே 1990-களிலே பிறந்த மற்றொரு வகை, லித்தியம் இரும்புப் பாஸ்பேட் கலம். மின்சாரக் கார்களிலே இன்று பெரிதும் பயன்படுகிறது. அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையிலே நிற்பதால், எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைக் கருவி எளிதிலே கணிக்க முடிவதில்லை. ஆகவே, அவ்வகைக் கலத்தை வாரம் ஒருமுறை நூறு வரை ஏற்றுமாறு கார் நிறுவனமே கூறுவதுண்டு. ஒரே குடும்பத்துக் கலம், முறையோ வேறு. எண்ணை மனப்பாடம் செய்தவன் அங்கே இடறி விழுவான். காரணத்தைக் கற்றவன் நிமிர்ந்து நடப்பான்.

★

காரணம் தெரியாமல் மக்கள் இருப்பதற்கு, பழக்கம் மட்டுமா பொறுப்பு? காரணம் தெரிந்தவர்கள் வாய் திறவாமல் இருந்ததும் உண்டு.

2017-ஆம் ஆண்டு டிசம்பரிலே, பழைய மின்கலம் உள்ள ஐபோன்களின் வேகத்தைத் தன் மென்பொருள் குறைத்து வருகிறது என்பதை ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏன் குறைத்தது? முதிர்ந்த மின்கலத்தால் திடீர்ச் சுமையைத் தாங்க இயலாது. தாங்க இயலாதபோது கைப்பேசி சட்டென்று அணையும். அதைத் தடுக்கவே என்றது. காரணம் உண்மையான காரணமே! ஆனால், அதை வாங்கியவருக்குச் சொன்னார்களா? கைப்பேசியே கிழடாகிவிட்டது என்று எண்ணிப் புதியது வாங்கச் செல்பவனிடம், "மின்கலத்தை மட்டும் மாற்று, வேகம் திரும்பும்" என்று கூறினார்களா? இல்லை. கண்டனம் எழுந்தது, நிறுவனம் மன்னிப்புக் கோரியது, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது, 2018-இல் மின்கல நலத்தைத் திரையிலேயே காட்டத் தொடங்கிற்று. 2020-இல் பிரான்சு நாட்டு நுகர்வோர் காப்புத் துறை, 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. எதற்காக? வாங்கியவர்களுக்குத் தெரிவிக்கத் தவறியமைக்காக! சொல்லாமை ஒரு குற்றம் என்று ஒரு நாடு தீர்ப்பளித்தது, சிறிய செய்தியன்று.

ஐரோப்பிய ஒன்றியமோ மேலும் ஒருபடி சென்றது. 2025-ஆம் ஆண்டு ஜூன் 20 முதல், அங்கே விற்பனைக்கு வரும் புதிய வகைக் கைப்பேசிகளின் மின்கலம் 800 சுற்றுக்குப் பின்னும் குறைந்தது 80 விழுக்காடு திறனோடு இருக்க வேண்டும் என்பது விதி. பேணுவது வாங்கியவன் கடமை மட்டுமன்று, ஆக்குபவன் கடமையுமாகும் என்பதே அதன் பொருள்.

★

"ஒரு பாட்டரி போனால் போகட்டும், காசு கொடுத்தால் இன்னொன்று!" என்பார் சிலர். அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது?

உலகிலே வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கும் மேற்பட்டது ஆப்பிரிக்காவின் காங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. எந்திரச் சுரங்கங்களோடு, கையால் தோண்டும் குழிகளும் அங்கே உண்டு. அந்தக் குழிகளை ஒட்டி, பள்ளி செல்ல வேண்டிய பாலகர்கள் கனிமம் பொறுக்கிச் சுமப்பதை, 2016 சனவரியிலே ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு அறிக்கையாக்கி உலகின்முன் வைத்தது. நாம் மூன்றாண்டு பயன்படுத்த வேண்டிய மின்கலத்தை, பழைய கட்டளைக்குப் பணிந்து ஒன்றரை ஆண்டிலே பாழாக்குவோமானால், வீணாவது நம் காசு மட்டுமன்று. யாரோ ஒரு சிறுவன் முதுகிலே சுமந்த மண்ணும் வீணாகிறது. தூக்கி எறிந்த பழைய கலம் குப்பைமேட்டிலே நசுங்கித் தீயாவதும் உண்டு. இந்திய அரசு 2022-இல் வெளியிட்ட மின்கலக் கழிவு விதிகள், பழைய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஆக்குவோர்மீது சுமத்தியுள்ளன. குப்பைத்தொட்டியைத் தேடாமல், திரும்பப் பெறும் இடத்தைத் தேடுவது நம் பொறுப்பு.

அறிவுக்குப் பஞ்சமா நம்மிடத்திலே? 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் அள்ளிக் கொடுக்க, காரைக்குடியிலே மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆராய்ச்சிக்கூடம் எழுந்து, 1953-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் திறக்கப்பட்டது. அத்தகைய கூடம் இருக்கும் மண்ணிலே, கடைவீதியிலும் வீட்டுத் திண்ணையிலும் மட்டும் காட்மியக் காலத்துக் கட்டளை ஆட்சி செலுத்தலாமா?

கால்வானியின் ஏட்டைப் படித்து, "பெரியவர் சொன்னார், சரியாகத்தான் இருக்கும்" என்று வோல்ட்டா மூடி வைத்திருந்தால், அந்தத் தகட்டுத் தூண் எழுந்திராது. கேட்டார், கிடைத்தது. வோல்ட்டா கூறியதையும் கேள்வி கேட்டனர் பின்வந்தோர், மேலும் கிடைத்தது. கேள்வியாலே பிறந்த கருவியைக் கையிலே வைத்துக்கொண்டு, கேள்வி கேட்க மட்டும் மறுப்பது அந்தக் கருவிக்கே அழகல்ல. பழைய கட்டளை எதைக் கண்டாலும் பணியவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். "உன்னைப் பெற்ற காரணம் உயிரோடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்போம். இருந்தால் ஏற்போம். இல்லையேல், நன்றி கூறி விடைகொடுப்போம்!